மிச்சம்

பத்தரைக்கு வரச் சொன்னார்கள்.
பத்துக்கே வந்து வேனுக்குள் இருக்கிறேன்.
மடியில் புதுப் பூட்டு,
பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கவில்லை.

இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
மிச்சம் என்று வரும்.
வந்த புதிதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
ட்ராமில் இறங்குகிற எம்மவர் யாரும்
இப்போது சிரிப்பதில்லை.

ஏப்ரலிலிருந்து இந்தத் தெருவில் இது மூன்றாவது.
முதல் வீட்டுக்கு ஆட்கள் வாசலுக்கே வந்தார்கள்.
இருபத்தெட்டாம் இலக்கத்து டொரீன்
நீதிமன்ற ஆளை வழிமறித்து
"வெட்கமாயில்லையா?" என்று கேட்டாள்.
பிறகு என் கருவிப் பெட்டியைப் பார்த்து
என்னிடமும் கேட்டாள்.
இரண்டாவதுக்குத் திரைச்சீலைகள் அசைந்தன.
இன்றைக்கு அதுவுமில்லை.
புதன்கிழமை, குப்பை எடுத்தாயிற்று;
தொட்டியை உள்ளே இழுக்கிறவர்கள்
தொட்டியை மட்டுமே பார்க்கிறார்கள்.

முனைக்கடையில் தேநீர் வாங்கும்போது காதில் விழுந்தது:
வரவுக்கு மேல் ஆசைப்பட்டார்களாம்.
வாசலில் எப்போதும் இரண்டு கார் நின்றதாம்.
(ஒன்று அவருடைய வேலைக் கார். கம்பனி எடுத்துக்கொண்டது.)
வங்கிக்காரனைச் சொல்லவேண்டும் என்றார் ஒருவர்.
கையெழுத்து வைத்தவனைச் சொல்லவேண்டும் என்றார் தொப்பிக்காரர்.
பாவம் அந்தப் பிள்ளைகள் என்றாள் வரிசையில் நின்ற பெண்,
லொத்தர் சீட்டுக்குக் காசு கொடுத்தபடி.
அடுத்த மூச்சில் அவளே,
"ஏலத்தில் எவ்வளவுக்குப் போகும்?"

நாற்பத்தொன்றாம் இலக்கக் கதவுக்கு
முதல் பூட்டுப் போட்டவனும் நான்தான்.
ஏழு வருடம்.
அன்று பால் பொங்கியபோது
புகையுணரி அலறத் தொடங்கி
நிறுத்தத் தெரியாமல் நிமலதாசன் கதிரையில் ஏறி நிற்க,
நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.
ஐந்து திறப்பு வேண்டும் என்றார்.
மூன்று போதாதா என்றதற்கு
வீடு பெரிது அண்ணை என்றார்,
திறப்புக்கும் அறைக்கும் ஏதோ தொடர்புள்ளதுபோல.

வட்டி ஒன்றரையாக இருந்தது அப்போது.

பத்து நாற்பது. கையெழுத்துகள் முடிந்தன.
அகிலேஸ்வரி நான்கு திறப்பைத் தந்தார்.
ஒன்றைச் சின்னவன் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டான்,
குறை நினைக்காதீர்கள் என்றார்.
அந்தத் திறப்பால் இனி
யாருக்கும் எந்த ஆபத்துமில்லை
என்று சொல்ல வாயெடுத்து விழுங்கினேன்.

நான்கு திருகாணி. அவ்வளவுதான் ஒரு பூட்டு.
கழற்றும்போது உள்ளே என் விரலடையாளம்
கிறீஸில் அப்படியே இருந்தது.

கவுன்சில் கொடுத்தது குரோய்டனில் ஒரு ஹோட்டல் அறை,
சமைக்க அனுமதியில்லை.
டொரீன் செருப்போடு வீதியைக் கடந்து வந்தாள்.
யாரையும் திட்டவில்லை.
சோறு ஆக்கும் சட்டியை நடைபாதையிலிருந்து தூக்கி
வயரைச் சுற்றி நெஞ்சோடு அணைத்து,
"அடுப்புள்ள இடம் கிடைத்ததும் வா, தருகிறேன்"
என்று திரும்பி நடந்தாள்.
இவ்வளவு பாரமா இது என்று
நடுத்தெருவில் ஒருமுறை நின்றாள்.

எல்லாரும் போன பிறகு
யாரோ வேன் கண்ணாடியைத் தட்டினார்கள்.
கடையில் பார்த்த தொப்பிக்காரர்.
கையெழுத்து வைத்தவனைச் சொல்லவேண்டும் என்றவர்.
இருபக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.
"முதல் கடிதம் வந்ததிலிருந்து
நீங்கள் வருமட்டும்
ஏறக்குறைய எத்தனை நாள்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

தெரியும்.
இருக்கைக்கு அருகிலுள்ள பெட்டிக்குள்
என் பெயருக்கு வந்த உறை கிடக்கிறது.
அக்டோபரோடு என் பழைய வட்டி முடிகிறது.
நாட்காட்டியில் பென்சிலால் எண்ணி
அழித்து, மறுபடி எண்ணியிருக்கிறேன்.

அவர் போகட்டும் என்று காத்திருந்து
பற்றுச்சீட்டை எழுதினேன்:
சிலிண்டர் பூட்டு ஒன்று,
திறப்பு இரண்டு, கூலி,
தொண்ணூற்றைந்து பவுண்.
வரி தனி.